பாசி மாவைத் தின்பதில்லை

சேலம், ஆத்தூர் பக்கத்தில் சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஒன்றின் பின்புறம் போய் நின்றால், கண்ணுக்கு முன்னால் மூக்கு செய்தி சொல்லிவிடும். குச்சிக்கிழங்கை அரைத்து, திப்பியைப் பிரித்து, மாவுப்பாலைத் தொட்டியில் தெளியவிட்டால் ஸ்டார்ச் அடியில் தங்கும். மேலே நிற்கும் தண்ணீர்தான் வம்பு. வெளியேறும்போது வெறும் கலங்கல். ஓரிரு நாள் தேங்கினால் புளித்து நாறத் தொடங்கும். கிழங்கின் சயனைடும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும்.

மிஞ்சிய மாவைக் கண்ட பாக்டீரியாக்கள் கல்யாணப் பந்தி கிடைத்ததுபோலப் பெருகி, நீரில் கரைந்த ஆக்சிஜனை எல்லாம் தீர்த்துவிடுகின்றன. ஆற்றில் விடும் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது அதிலுள்ள கழிவைச் சிதைக்கப் பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சுத்திகரிக்காத சேகோ கழிவில் அது ஆயிரக்கணக்கில் நிற்கும்.

இந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கப் பாசி விட்டால் அது மாவைத் தின்றுவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். குளோரெல்லா போன்ற நுண்பாசிக்கு அந்த வேலை இரண்டாம்பட்சம். மாவை உடைப்பது அதே பாக்டீரியாதான். அது வெளிவிடும் கரியமில வாயுவைப் பாசி வெயிலில் எடுத்துக்கொண்டு ஆக்சிஜனைத் திருப்பித் தருகிறது. நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் தரக் காற்றடிக்கும் மோட்டாரின் மின்செலவு மிச்சம். கலிபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்ட் என்ற ஆராய்ச்சியாளர் 1950களில் இந்தக் கூட்டுறவை ஆராய்ந்தார். ஒரு முழத்துக்கும் குறைவான ஆழத்தில், துடுப்புச் சக்கரம் மெல்லச் சுழற்றும் குட்டைகள் அந்த வழியில் வந்தவை.

ஆலைத் தண்ணீரை நேராக அந்தக் குட்டையில் விட முடியாது. புளிப்பு அதிகம், கலங்கலில் வெளிச்சம் இறங்காது. முதலில் காற்றுப் புகாத கலனில் விட்டு எரிவாயு எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் பாசிக்குத் தர வேண்டும். இரவில் பாசியும் ஆக்சிஜனைச் செலவழிக்கும். ஆகவே மதியம் அளந்த ஆக்சிஜன் கணக்கை யாராவது காட்டினால், விடியற்காலைக் கணக்கையும் கேளுங்கள்.

எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிவது அறுவடை. பாசிச் செல்லின் அளவு சில மைக்ரான்தான். தானாக எளிதில் அடியில் தங்காது. எடுக்காமல் விட்டால் செத்துப்போய் மறுபடி பாக்டீரியாவுக்குப் பந்தியாகிவிடும். படிகாரம் போடலாம், இயந்திரத்தில் சுழற்றிப் பிரிக்கலாம், இரண்டுக்கும் காசு. பாசியும் பாக்டீரியாவும் ஒட்டித் திரளும் குட்டையில் அந்தத் திரள் தானே படியும். படிந்ததில் ஒரு பங்கைத் திரும்பக் குட்டையில் விட்டால், நன்றாகப் படிகிற வகையே நாளடைவில் பெருகும். தயிருக்கு உறை ஊற்றுகிற அதே வேலை.