ரூட்ஸ்டாக் என்றால் வேர்த்தண்டா?

ஒட்டுக்கட்டிய காய்கறி நாற்றுகளைப் பற்றிய எந்தக் கட்டுரையை எடுத்தாலும், 'உவர் நிலத்தைத் தாங்கும் வேர்த்தண்டு' என்று எழுதியிருக்கிறார்கள். ஒட்டுக்கட்டுவது என்றால் ஒரு செடியின் தண்டை வெட்டி, வேரோடு நிற்கும் இன்னொரு செடியின் மேல் பொருத்துவது. அடியில் நிற்கும் அந்தச் செடிதான் ஆங்கிலத்தில் ரூட்ஸ்டாக். அதற்கு வேர்த்தண்டு பொருந்தாத சொல். இனியாவது விட்டுவிட வேண்டும்.

ரூட் என்றால் வேர், ஸ்டாக் என்பதன் பழைய பொருள் அடிமரம். இரண்டையும் அப்படியே சேர்த்ததில் வேர்த்தண்டு வந்துவிட்டது.

ஆங்கிலத்தில் ரூட்ஸ்டாக்குக்கு இரண்டு பொருள் உண்டு. இஞ்சி, மஞ்சள் போல மண்ணுக்குள் படுத்து வளரும் தண்டு ஒன்று. ஒட்டுக்கு அடியில் வேரோடு நிற்கும் செடி இன்னொன்று. முதலாவதைத்தான் தமிழில் வேர்த்தண்டு, வேர்த்தண்டுக்கிழங்கு என்கிறோம். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டால், படிக்கிற விவசாயி கத்தரி நாற்றுக்கு அடியில் கிழங்கைத் தேடுவார்.

அதைவிடப் பெரிய குறை, உப்பைச் சமாளிப்பது எது என்பதையே இந்தச் சொல் மறைத்துவிடுகிறது. முலாம்பழ நாற்றைப் பூசணியின் மேல் ஒட்டினால், மண்ணிலிருந்து வரும் சோடியத்தில் பெரும்பகுதியைப் பூசணி வேர் மேலே போகவிடாமல் தடுக்கிறது. இலையில் உப்பு சேர்வது குறைகிறது, அதனால் இலை கருகுவதும் குறைகிறது. வேலை முழுக்க வேருடையது. ஒட்டுக்குக் கீழே மிஞ்சுகிற தண்டு சில அங்குலம்கூட இருக்காது. அதன் பெயரையா முழுச்செடிக்கும் வைப்பது?

சிலர் வேர்க்குச்சி என்கிறார்கள். மா ஒட்டு பற்றிய கையேடுகளில் பழகிய சொல்தான், மேலே பொருத்தும் துண்டைக் குறிக்கும் ஒட்டுக்குச்சிக்கு இணையாகவும் இருக்கிறது. ஆனால் குச்சி என்றாலே வெட்டி எடுத்த துண்டுதான் நினைவுக்கு வரும். கத்தரிக்கு அடியில் வைக்கும் சுண்டை, விதை போட்டு வளர்த்த நாற்று. ஆகவே வேர்ச்செடி. வேரும் இருக்கிறது, செடியும் இருக்கிறது, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேலே வைப்பதை ஒட்டுத்தண்டு எனலாம்.

சரி, 'ஒட்டு' மட்டும் பிழைத்ததா? இரண்டு ரகங்களை மகரந்தச் சேர்க்கையில் கலந்து எடுக்கும் ஹைப்ரிட் விதைக்கு 'வீரிய ஒட்டு ரகம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது ஒட்டுத் தக்காளி என்றால் விதைப் பாக்கெட்டா, ஒட்டுக்கட்டிய நாற்றா? ஹைப்ரிட் தக்காளி தன் சொந்த வேரில்தான் நிற்கும். உவர் தண்ணீர் பாயும் தோட்டத்தில் இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்குகிறவருக்குப் பணம் நஷ்டம். ஹைப்ரிட்டைக் கலப்பின ரகம் என்று எழுதுங்கள். ஒட்டு, ஒட்டுக்கட்டிய செடிக்கே இருக்கட்டும்.