கேபினெட்டுக்குள் எத்தனை டிஸ்க்?

புதுச்சேரியிலோ கடலூரிலோ ஒரு கணினிக் கடையில், "கல்யாண வீடியோ, போட்டோ எல்லாம் பத்திரமா இருக்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். "ரெண்டு டிஸ்க்கா போட்டு ரெய்டு பண்ணிடலாம் சார்" என்பார்கள். தப்பில்லை. ஆனால் எதிலிருந்து பத்திரம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கணினிக்கு ஒரே டிஸ்க்காகக் காட்டும் ஏற்பாடுதான் ரெய்டு. விலை கூடிய பெரிய டிஸ்க் ஒன்றுக்குப் பதில் மலிவான சின்ன டிஸ்க்குகளைக் கூட்டாக வேலை வாங்கலாம் என்று 1988இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவரும் எழுதினார்கள். டிஸ்க்குகள் கூடக் கூட, அவற்றில் ஒன்றாவது கெடும் வாய்ப்பும் கூடுமே? அதைச் சமாளிக்கும் வழிகளைத்தான் எண் போட்டு வரிசைப்படுத்தியிருக்கிறார்கள்.

காப்பு எதுவும் இல்லாத ரெய்டு 0 கோப்பைத் துண்டு போட்டு இரண்டு டிஸ்க்கிலும் மாறி மாறி எழுதும். வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒரு டிஸ்க் ஓராண்டில் கெட 100க்கு 2 வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், இங்கே அது ஏறத்தாழ 4. ஒன்று போனால் இரண்டிலும் உள்ளது போய்விடும். எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் வேகமான டிஸ்க்) இவ்வளவு மலிந்த பிறகு, வீட்டில் இதற்கு வேலையே இல்லை என்பேன்.

ரெய்டு 1 ஒரே விஷயத்தை இரண்டிலும் எழுதும். 4 டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கினாலும் இடம் 4தான்; ஒன்று செத்தாலும் இன்னொன்று ஓடும்.

ரெய்டு 5இல்தான் கணக்கு அழகு. குறைந்தது மூன்று டிஸ்க் வேண்டும். முதல் டிஸ்க்கில் 1011, இரண்டாவதில் 0110 என்று வைத்துக்கொள்வோம். மேலும் கீழும் ஒரே இலக்கம் என்றால் 0, வேறு வேறு என்றால் 1 என எழுதிக்கொண்டே வந்தால் 1101 கிடைக்கும். அது மூன்றாவதில் போகும். இப்போது முதல் டிஸ்க் செத்துவிட்டது. மிச்சமிருக்கும் 0110, 1101 இரண்டையும் அதே விதிப்படி சேர்த்துப் பாருங்கள்: 1011, போனது அப்படியே வந்துவிட்டது! மூன்று 4 டெராபைட் டிஸ்க்கில் 8 டெராபைட் இடம். ஆனால் செத்த டிஸ்க்குக்குப் பதில் புதிதாக ஒன்றைப் போட்டால், மிச்ச இரண்டையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் இன்னொன்றும் கெட்டால் எல்லாம் போய்விடும். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய டிஸ்க்குகள் என்றால், அவையும் அதே வயதுக் கிழங்கள்தான்.

சரி, ரெய்டு எதைக் காக்காது? தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். கோப்புகளைத் திறக்க முடியாதபடி வைரஸ் பூட்டுப் போட்டால் இரண்டுக்கும் பூட்டு. எல்லா டிஸ்க்குக்கும் மின்சாரம் தருவது ஒரே பவர் சப்ளை என்பதால், அது கோளாறாகி அதிக மின்னழுத்தத்தை அனுப்பினால் எல்லாம் சேர்ந்தே கருகலாம்.

நம் ஊரில் இன்னும் ஒன்று உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறி, பல நாள் மின்சாரத்தைப் பறித்தது. 2015இல் வெள்ளம். தரையில் வைத்த கேபினெட்டுக்குள் எத்தனை டிஸ்க் இருந்தால் என்ன, தண்ணீருக்கு எல்லாம் ஒன்றுதான்.

அதனால் என் தேர்வு இது: விண்டோஸுக்கும் அன்றாட வேலைக்கும் ஒரு எஸ்.எஸ்.டி.; படம், வீடியோவுக்கு ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்; அதை நகலெடுக்க வெளியே செருகும் டிஸ்க்குகள் இரண்டு. ஒன்று வீட்டில், மற்றது விழுப்புரம் பக்கம் அக்கா வீட்டு அலமாரியில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொள்ளலாம். நகலெடுத்ததும் கழற்றிவிட வேண்டும். செருகியே வைத்திருந்தால் வைரஸுக்கு அதுவும் இன்னொரு டிஸ்க்தான். ரெய்டு 1 வேண்டுமென்றால் இதற்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு டிஸ்க் கெட்ட அன்றும் வேலை நிற்காது, ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம்.

அலமாரியில் தூங்கப்போகும் டிஸ்க், எஸ்.எஸ்.டி.யாக இருக்க வேண்டாம். அது மின்னூட்டமாகத்தான் தகவலை வைத்திருக்கிறது. மின்சாரமே காட்டாமல் நெடுநாள் கிடந்தால், வெயில் காலத்தில் குறிப்பாக, மெல்லக் கசியும். ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது காந்தப் பதிவு, அது இப்படிக் கசிவதில்லை. ஆனால் சுழலும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் அதன் தலை காற்றில் மிதக்க வேண்டும் என்பதால், ஹீலியம் அடைத்து மூடியவை தவிர மற்றவற்றில் வடிகட்டி வைத்த சின்னத் துளை ஒன்று இருக்கும். கடலோர ஈரம் அது வழியாகவும் போகும், வெளியே உள்ள சர்க்யூட் போர்டையும் அரிக்கும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றோடு போட்டு, கீழ்த்தட்டில் இல்லாமல் மேல்தட்டில் வையுங்கள். மாற்றும்போது ஒருமுறை செருகி, நாலைந்து படத்தையாவது திறந்து பாருங்கள்.