‘மாற்று ராக்’ என்றால் எதற்கு மாற்று?

போன வாரம் ஒரு மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அமெரிக்காவின் ஆர்.ஈ.எம். இசைக்குழுவின் வரலாறு, பன்னிரண்டு பக்கம். முதல் வரியே இப்படி ஆரம்பித்தது: “1980இல் ஏதென்ஸில் (கிரீஸ்) உருவான மாற்றுப் பாறைக் குழு.” அது கிரீஸ் ஏதென்ஸ் இல்லை, ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ், ஒரு பல்கலைக்கழக ஊர். ஏதென்ஸும் பாறையும் சேர்ந்ததும் நான் ஒரு நிமிடம் தொல்லியல் கட்டுரையைத்தான் தப்பாக அனுப்பிவிட்டார்களோ என்று நினைத்தேன். அப்புறம் அடுத்த வரியில் “குழு தன் முதல் ஒற்றையை விடுதலை செய்தது” என்று வந்தது, முதல் சிங்கிள் பாட்டை வெளியிட்டதைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். சரி, இசைதான்.

பாறையை ஒரே பத்தியில் தூக்கிப் போட்டுவிடலாம். ராக் அண்ட் ரோல் என்பதில் வரும் ராக் கல் இல்லை, வினைச்சொல். தொட்டிலை ஆட்டுவது, அலையில் படகு ஆடுவது, அந்த ஆட்டம்தான். 1920களின் கறுப்பினப் பாடகர்களின் இசைத்தட்டுகளிலேயே அந்தப் பொருளில், கொஞ்சம் இரட்டை அர்த்தத்தோடு, வந்துவிட்டது. 1950களில் ஆலன் ஃப்ரீட் என்ற வானொலி அறிவிப்பாளர் அதை ஓர் இசைவகையின் பெயராக ஊரெல்லாம் பரப்பினார். ஆகவே மொழிபெயர்த்தே தீருவேன் என்பவர்கள் ‘ஆட்ட இசை’ என்றாவது சொல்லட்டும், பாறை வேண்டாம். என்னைக் கேட்டால் ராக் என்று அப்படியே விடுவதுதான் மரியாதை. ஜாஸை என்ன செய்தோம்? விட்டுவிட்டோம் இல்லையா?

சண்டை முன்பாதியில் இருக்கிறது. ‘ஆல்டர்நேட்டிவ் ராக்’ என்பதை எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ‘மாற்று ராக்’ என்கிறார்கள். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு வேர் லத்தீன், ‘இரண்டில் மற்றது’ என்று பொருள். நம் மாற்று, மாறு என்ற வினையிலிருந்து வருவது. அகராதியில் இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன, அதனால் போட்டுவிடுகிறார்கள். அகராதி சொன்னால் ஆயிற்றா? வீட்டில் நாம் அந்தச் சொல்லை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள். மழையில் நனைந்தால் மாற்றுத் துணி. பூட்டின் சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி. பஸ் வழியில் நின்றுபோனால் மாற்றுப் பேருந்து. தக்காளி விலை ஏறினால் அதற்கு மாற்றாகப் புளி. எல்லாவற்றிலும் ஒன்றே கதை: அசல் இல்லை, அல்லது கெட்டுப்போயிற்று, அதன் இடத்தில் வந்து உட்காருவது மாற்று. அசல் கிடைத்ததும் மாற்று வீட்டுக்குப் போய்விடும்.

பொன்னின் தரத்தைச் சொல்லும் மாற்று ஒன்று உண்டு, அதுவும் உரைகல்லைக் கொண்டு அசலோடு ஒப்பிட்டுச் சொல்வதுதான். மாற்றாந்தாய், மாற்றான் பக்கம் போனால் இன்னும் மோசம், பகையும் வெறுப்பும் ஒட்டிக்கொள்கின்றன.

இன்னொரு பக்கம் மாற்று அரசியல், மாற்று மருத்துவம், மாற்று சினிமா என்று ஒரு வரிசை. இங்கே மாற்று என்பது கொள்கை. ‘நீங்கள் செய்வது தவறு, நாங்கள் வேறு விதமாகச் செய்கிறோம் பாருங்கள்’ என்று கொடி பிடிப்பது. மாற்று சினிமா எடுத்தவர்கள் நடப்புச் சினிமாவை எதிர்த்து அறிக்கை விட்டவர்கள், அந்தப் பெயர் அவர்களுக்குப் பொருந்தும். என்னோடு இதைப் பற்றி வாதம் செய்த நண்பர் ஒருவரும் இதைத்தான் பிடித்துக்கொண்டார். “மாற்று சினிமா சரி என்றால் மாற்று ராக் ஏன் ஆகாது?” என்றார். ஆகாது, ஏனென்றால் அந்தக் குழுக்களில் பெரும்பாலோர் கொடியே பிடிக்கவில்லை. ஆர்.ஈ.எம்.மையே எடுத்துக்கொள்ளுங்கள்.

குழுவின் கிட்டார்காரர் பீட்டர் பக் ஏதென்ஸில் ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தார். அங்கே தட்டு வாங்க வந்தவர் பாடகர் மைக்கேல் ஸ்டைப். மைக் மில்ஸும் பில் பெர்ரியும் வந்து சேர, 1980 ஏப்ரல் 5 அன்று, வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தில் நண்பரின் பிறந்தநாள் விருந்தில் முதல் கச்சேரி. இதில் எங்கே இருக்கிறது புரட்சி? அவர்களுக்கு 1960களின் கிட்டார் இசை பிடித்திருந்தது, அதையே கொஞ்சம் மங்கலாக, பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்று புரியாதபடி வாசித்தார்கள். 1983இல் வந்த முதல் முழுத் தொகுப்புக்கே ‘முணுமுணுப்பு’ என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள். ரோலிங் ஸ்டோன் இதழின் விமர்சகர்கள் அதை அந்த ஆண்டின் சிறந்த தொகுப்பாகத் தேர்ந்தெடுத்தார்கள். விற்பனைப் பட்டியலில் அது எட்டிய உச்சம் 36ஆம் இடம்.

விமர்சகருக்குத் தெரிந்த குழு ஊருக்கு ஏன் தெரியவில்லை? பெரிய வானொலிகள் அதைப் போடவில்லை, அவ்வளவுதான். அமெரிக்க பண்பலையில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள இடம் விளம்பரம் இல்லாத நிலையங்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. வானொலிப் பெட்டியில் முள்ளை இடது கோடிக்குத் தள்ளினால் அங்கே கல்லூரி மாணவர்கள் நடத்தும் நிலையங்கள் இருக்கும். ஏதென்ஸில் இருந்த பல்கலைக்கழக நிலையம் 90.5. அந்த மாணவர்கள் தங்களுக்குப் பிடித்ததைப் போட்டார்கள். அதனால் இந்த இசைக்கு முதலில் ஒட்டிய பெயரே ‘கல்லூரி ராக்’. ‘ஆல்டர்நேட்டிவ்’ என்ற சொல்லும் அதே காலத்தில் புழங்கியது. அது இசையின் கொள்கையைச் சொன்ன சொல் இல்லை, இசை எந்த வழியாகக் காதுக்கு வந்தது என்பதைச் சொன்ன சொல். பெரிய சாலை ஒன்று இருக்கிறது, அதில் இடம் இல்லை, பக்கவாட்டில் வேறு பாதை போட்டுக்கொண்டு போனார்கள். இந்த ஒரு விஷயம் புரிந்தால் மொழிபெயர்ப்பில் பாதி வேலை முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை. அதே காலத்தில், அதே கல்லூரி வானொலிகளில் ஓடிய மினியாபோலிஸ் குழு ஒன்றின் பெயர் ‘தி ரீப்ளேஸ்மென்ட்ஸ்’. 1984இல் அவர்கள் பாட்டு ஒன்றில் பீட்டர் பக்கே வந்து கிட்டார் வாசித்திருக்கிறார். ‘மாற்றாட்கள்’ என்று தமிழில் ஒரு குழுவுக்குப் பெயர் வைக்கலாம் என்றால் அது இவர்களுக்குத்தான். ஆங்கிலத்தில் ரீப்ளேஸ்மென்ட் வேறு, ஆல்டர்நேட்டிவ் வேறு. தமிழில் இரண்டுக்கும் மாற்று என்றே போட்டுவிட்டு அப்புறம் இரண்டும் ஒரே கட்டுரையில் வரும்போது என்ன செய்வீர்கள்?

சிலர் இதைச் ‘சுதந்திர ராக்’ என்று எழுதுகிறார்கள், அது இண்டி என்பதற்குச் சொல்ல வேண்டியது, அதற்கும் நல்ல சொல் இல்லை. இண்டி என்றால் பெரிய கம்பெனியின் கையில் இல்லாதது, நம் சிறுபதிப்பகம் மாதிரி. ஆர்.ஈ.எம். ஐ.ஆர்.எஸ். என்ற சிறிய நிறுவனத்தை விட்டு 1988இல் வார்னர் பிரதர்ஸுக்குப் போனபோது இண்டி என்ற பேச்சு போயிற்று, ஆல்டர்நேட்டிவ் என்ற பேச்சு போகவில்லை. 1996இல் அதே வார்னரோடு மறுபடி ஒப்பந்தம் போட்டார்கள், 80 மில்லியன் டாலர் என்று பேசிக்கொண்டார்கள். இதைச் சுதந்திரம் என்பதா?

என் கட்சி இது: ‘புறவழி ராக்’. சிரிக்காதீர்கள், கொஞ்சம் யோசியுங்கள். புறவழிச்சாலை என்ற சொல் நெடுஞ்சாலைப் பலகையில் இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். ஊருக்குள் நெரிசல், அதனால் ஊரைச் சுற்றிப் போகிற பாதை. அது ஊர்ச் சாலைக்குப் பதிலி இல்லை, எதிரியும் இல்லை, ஊர்ச் சாலை அதுபாட்டுக்கு இருக்கும். அதைவிட முக்கியமானது புறவழிச்சாலைக்கு அப்புறம் என்ன ஆகிறது என்பது. மதுரை பைபாஸ் ரோட்டைப் பாருங்கள். ஊருக்கு வெளியே போட்ட சாலைதான், இன்றைக்கு இரண்டு பக்கமும் கடையும் ஹோட்டலும், அதற்குள் போனால் வெளியே வர அரை மணி நேரம். ஆனால் பெயர் இன்னும் பைபாஸ்தான்.

ஆல்டர்நேட்டிவ் ராக்குக்கும் அப்படியே நடந்தது. 1987இல் ஆர்.ஈ.எம்.மின் ஒரு பாட்டு முதல் பத்துக்குள் வந்து 9ஆம் இடத்தில் நின்றது. 1988 செப்டம்பரில், பாட்டுகளின் தரவரிசைப் பட்டியல் போடும் பில்போர்டு இதழ் இந்த வகைக்கென்றே தனிப் பட்டியல் ஆரம்பித்தது. 1991இல் கிராமி விருதில் இதற்குத் தனிப் பிரிவே வந்தது. அந்த ஆண்டு வெளியான ஆர்.ஈ.எம். தொகுப்பு அமெரிக்காவில் முதலிடம் போய், அடுத்த ஆண்டு அதே ஆல்டர்நேட்டிவ் பிரிவில் விருதும் வாங்கியது. நாட்டிலேயே முதலிடத்தில் விற்ற ஒரு தொகுப்பு எதற்கு மாற்று? 1992 ஜனவரியில் இதே வகையைச் சேர்ந்த நிர்வாணா குழு மைக்கேல் ஜாக்சனையே தள்ளிவிட்டு உச்சிக்கு ஏறியது. புறவழியே ஊர் ஆகிவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. ‘மாற்று ராக்’ என்று எழுதினால் இந்த இடத்தில் வாசகன் விழிப்பான். ‘புறவழி ராக்’ என்று எழுதுங்கள், தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கம் திருப்புவான்.

கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன். 1995இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் மேடையிலேயே டிரம்ஸ்காரர் பில் பெர்ரி சரிந்தார், மூளை ரத்தக்குழாயில் வீக்கம். பிழைத்து வந்தார், ஆனால் 1997இல் குழுவை விட்டு விவசாயம் பார்க்கப் போய்விட்டார். மூன்று கால் நாயும் நாய்தான், வேறு விதமாக ஓடக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவே என்கிற மாதிரி ஸ்டைப் சொன்னார். டிரம்ஸுக்கு வெளியாட்களைக் கூப்பிட்டுக்கொண்டார்களே தவிர, பெர்ரி இடத்தில் இன்னொருவரை உறுப்பினராகச் சேர்க்கவே இல்லை. 2011 செப்டம்பரில் குழுவைக் கலைக்கும் வரை மூன்று பேர்தான். போனவருக்கே மாற்று வைக்காத குழு இது! இவர்களைப் போய் மாற்றுக் குழு என்று எழுதினால் எனக்குக் கோபம் வராதா?

மொழிபெயர்ப்பாளர்களைத் திட்டுவது என் நோக்கமில்லை என்று சொல்ல ஆசைதான், முடியவில்லை. அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் இசைத்தட்டு நிறுவனம் என்று வர வேண்டிய இடமெல்லாம் ‘பெயர்ச்சீட்டு’, ஆங்கிலத்தில் அதை லேபிள் என்பதால். 1991இல் உலகமெல்லாம் ஓடிய ‘லூசிங் மை ரிலிஜன்’ பாட்டு ‘என் மதத்தை இழத்தல்’ ஆகியிருந்தது, அதற்குக் கீழே மொழிபெயர்ப்பாளர் சொந்தமாக ஓர் அடிக்குறிப்பு எழுதி, இது நாத்திகப் பாடல் என்று விளக்கமும் கொடுத்திருந்தார். அமெரிக்கத் தென்மாநிலப் பேச்சு வழக்கில் அந்தத் தொடருக்குப் பொறுமை கைவிட்டுப் போகிறது என்றுதான் அர்த்தம். மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஒருதலைக் காதலில் தவிக்கிறவன் பாட்டு அது. (அந்தப் பாட்டின் மாண்டலின் மெட்டு, பக் புதிதாக மாண்டலின் வாங்கி டிவி பார்த்தபடியே பழகிக்கொண்டிருந்தபோது விழுந்தது. மாண்டலின் என்றாலே ஸ்ரீனிவாஸ் ஞாபகம் வரும் நமக்கு இதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் மனசு வேண்டும்.)

இந்தத் தவறுகளின் உச்சம் 1992இல் வந்த தொகுப்பின் பெயர். ‘ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்’ என்பதை ‘மக்களுக்கான தானியங்கி’ என்று போட்டிருந்தார்கள். ரேஷன் கடையில் வைக்கும் எந்திரம் மாதிரி இருக்கிறது. ஏதென்ஸில் வீவர் டி என்ற சிறிய சாப்பாட்டுக் கடையின் வாசகம் அது. அங்கே சாப்பாடு கேட்டால் கடைக்காரர் ‘ஆட்டோமேட்டிக்’ என்பாராம். நம் ஊர் மெஸ்ஸில் “இதோ வந்துடுச்சு சார்” என்று குரல் கொடுப்பார்களே, அதேதான். இதற்குத் தானியங்கி என்று எழுதியவர் எந்தக் கடையிலும் நின்று சாப்பிட்டதே இல்லையா?

பாறையை எடுத்துவிட்டு, கிரீஸை அழித்து, மதத்தைத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொரு இடத்திலும் ‘புறவழி ராக்’ என்று திருத்தி, ஏன் என்று இரண்டு பக்கம் விளக்கமும் எழுதி அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. மற்ற திருத்தங்களையெல்லாம் ஏற்றுக்கொண்டார்களாம். புறவழி மட்டும் வேண்டாமாம், மாற்று ராக் என்றே இருக்கட்டுமாம். காரணம்: “புறவழி என்றால் இதய ஆபரேஷன் ஞாபகம் வருகிறது.”

இதற்கு என்ன பதில் எழுதுவது என்று நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.