எம்.சி.பி. விழுந்தால் 32 போடச் சொல்லாதீர்கள்

"அடிக்கடி விழுதுங்கண்ணா, 32 போட்டு விட்டுருங்க." பெருந்துறை, காங்கேயம் பக்கம் வயரிங் வேலைக்குப் போனால் இதைத்தான் அதிகம் கேட்கிறேன். எம்.சி.பி. என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். 16 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றிவிட்டு 32 மாட்டினால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். தீராது. எம்.சி.பி. இருப்பது சுவருக்குள் போகும் வயரைக் காப்பாற்ற.

வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் தெரிந்துவிடும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும். அதே லைனில் 2000 வாட் ஓவனும் 1500 வாட் கெட்டிலும் ஓடினால் மொத்தம் 23.9. சமையலறைப் பவர் பாயிண்டுக்குப் பெரும்பாலும் 2.5 சதுர மி.மீ. வயர்தான் இழுத்திருப்பார்கள். அதற்கு இது அதிகம். 16 ஆம்பியர் எம்.சி.பி. தன் அளவைப்போல 1.45 மடங்கு, அதாவது 23.2 ஆம்பியர் போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். அதனால்தான் பலகாரம் பாதியில் இருக்கும்போது விழுகிறது. அங்கே 32 இருந்தால் விழவே விழாது. வயர் பைப்புக்குள்ளேயே சூடேறி, இன்சுலேஷன் கருகி, தீப்பிடிக்கும் வரை வெளியே ஒன்றும் தெரியாது.

சரி, என்ன செய்யலாம்? அடுப்புக்கும் ஓவனுக்கும் போர்டிலிருந்து தனித்தனி லைன் இழுங்கள். 2.5 வயர், 16 எம்.சி.பி., 16 ஆம்பியர் சாக்கெட். 3000 வாட் கீசர் என்றால் 4 சதுர மி.மீ. வயரும் 20 எம்.சி.பி.யும் போடுங்கள். பெரிய பிளக்கைக் கன்வெர்ட்டர் வைத்து 6 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகவே கூடாது. உருகிப்போன சாக்கெட்டுகளில் நான் அதிகம் பார்ப்பது இந்த வகைதான்.

கிரைண்டர் சின்ன லோடுதான். ஆனால் மோட்டார் கிளம்பும்போது கரண்ட் பல மடங்கு ஏறும். அந்தக் கணநேர ஏற்றத்தைத் தாங்கும் 'சி' வகை எம்.சி.பி. பொருந்தும். தோட்டத்து வீடுகளில் வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் கல் சுற்றத் திணறினால் உடனே நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் மோட்டார் காயில் கருகும்.

அப்புறம் ஷாக். இதற்கு எம்.சி.பி. உதவாது. ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடும்போது உடம்பு வழியாகப் பாயும் சில பத்து மில்லி ஆம்பியரை அது கண்டுகொள்ளாது. சரியான எர்த்தும், கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் வேண்டும். செலவு என்று தள்ளிப்போடாதீர்கள். ஆர்.சி.சி.பி. ஏற்கெனவே இருந்தால் மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அழுத்தியும் விழவில்லையா, அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.