கரைக்காத கரைப்பான்

தெர்மாகோல் துண்டில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினால் அது பொசுக்கென்று அமுங்கிப் பிசினாகிவிடும். தெர்மாகோல் என்பது காற்றடைத்த பாலிஸ்டைரீன். அதன் நெருங்கிய உறவான இன்னொரு பாலிஸ்டைரீன், அறை வெப்பத்தில் கரைப்பான் பட்டால் எளிதில் கரைவதில்லை, படிகமாகிறது.

1985-ல் ஜப்பானின் இதெமிட்சு நிறுவனத்தில் உருவான சிண்டியோடாக்டிக் பாலிஸ்டைரீன்தான் அது. சாதாரண வகையில் பென்சீன் வளையங்கள் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியின் இரு பக்கமும் தாறுமாறாகத் தொங்கும். இதில் இடம், வலம், இடம், வலம் என்று மாறி மாறி வரும். உருகுநிலை சுமார் 270 டிகிரி செல்சியஸ்.

உருக்கிச் சட்டென்று குளிர்வித்தால் தெளிவான படலம் கிடைக்கும். அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல் சங்கிலிகள் அப்படியே விறைத்து நிற்கும். அவை அசைய வேண்டுமானால் 100 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். இல்லையென்றால் டொலுயீன் என்ற கரைப்பானின் ஆவியில் வைத்தால் போதும். அதன் மூலக்கூறுகள் சங்கிலிகளின் நடுவே புகுந்து பிடியைத் தளர்த்த, அறை வெப்பத்திலேயே படிகம் வளர்கிறது.

ஆனால் அது வேறு படிகம். சூட்டில் சங்கிலிகள் ஜிக்ஜாக்காக நீண்டு அடுக்கிக்கொள்ளும். கரைப்பானில் சுருளாக முறுக்கிக்கொள்ளும். சுருள்களுக்கு நடுவே பணியாரச் சட்டி மாதிரி வரிசையாகக் குழிகள், குழிக்கு ஒரு டொலுயீன்.

அப்புறம் டொலுயீனை வெளியேற்ற வேண்டும். இங்கே அவசரப்பட்டுச் சூடாக்கினால் காரியம் கெட்டது: 130 டிகிரியை ஒட்டிக் குழிகள் மூடி, காமா என்ற வேறு வடிவம் வந்துவிடும். அதனால் அசிட்டோனிலோ, அழுத்தமேற்றிய கார்பன் டைஆக்சைடிலோ பதமாகக் கழுவி எடுக்கிறார்கள். குழிகள் காலியாகி மிஞ்சும் படிகத்துக்கு டெல்டா என்று பெயர். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.98 கிராம், ஒழுங்கில்லாத பகுதிக்கோ 1.05. வழக்கமாகப் படிகம்தான் கனமாக இருக்கும். காலிக் குழிகள் சும்மா இருப்பதில்லை. தண்ணீரில் துளியூண்டு கலந்திருக்கும் பென்சீன், குளோரோஃபார்ம் போன்றவற்றைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்கின்றன.

எனக்கு இதைவிட வியப்பானது திசை. படிகங்களுக்குள் சங்கிலிகள் படலத்தின் தளத்தோடு படுத்திருக்கலாம், செங்குத்தாகவும் நிற்கலாம். எந்தக் கரைப்பான், ஆயத்தப் படலத்தை அதில் வைத்தோமா, கரைசலை ஊற்றிக் காயவிட்டுப் படலமாக்கினோமா என்பதைப் பொறுத்து இது மாறுகிறது. இத்தாலியின் சலெர்னோ பல்கலைக்கழகத்தில் கெய்தானோ குவெர்ரா குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். படலத்தின் விளிம்பு வழியாக எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்: பதிவாகும் படத்தில், திசை இல்லாவிட்டால் முழு வளையங்கள், இருந்தால் வளையம் உடைந்து வில் துண்டுகளாக நிற்கும். படலத்துக்குள் ஒரு மூலக்கூறு எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதையும் இந்தத் திசை மாற்றுகிறது.