'செயற்படுத்தல்' என்ற சொல்லும் பொலிஸாரின் கமராவும்

பொலிஸார் மார்பில் அணியும் கமராக்கள் பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றின் தமிழ்ப் பிரதி, கொழும்பில் மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு அண்மையில் சரிபார்ப்புக்காக வந்தது. அதன் நான்காம் பக்கத்தில் "உத்தியோகத்தர் கடமை நேரம் முழுவதும் உடல் கமராவைச் செயற்படுத்தி வைத்திருத்தல் வேண்டும்" என்றும், ஒன்பதாம் பக்கத்தில் "சோதனை, கைது ஆகிய வேளைகளில் மட்டுமே உடல் கமராவைச் செயற்படுத்தல் வேண்டும்" என்றும் இருந்தது. இரண்டையும் ஒருங்கே கடைப்பிடிக்க எந்த உத்தியோகத்தராலும் முடியாது. ஆங்கில மூலத்தைப் புரட்டிப் பார்த்தேன். அங்கே முரண்பாடு இல்லை. கருவியை இயக்கி வைத்தல் வேறு, படம் பதியத் தொடங்குதல் வேறு என்று மூலம் இரு சொற்களால் பிரித்திருந்ததை, மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டார்.

செய், செயல், செயற்படு, செயற்படுத்து என்று வளர்ந்த சொல் அது. ஏட்டில் இருப்பதை நடைமுறைக்குக் கொண்டுவருதல் என்பதே அதன் பொருள். சட்டத்தையும் திட்டத்தையும் செயற்படுத்துகிறோம், மின்விசிறியைச் செயற்படுத்துவதில்லை, போடுகிறோம். சந்தியில் பிழையில்லை, பொருளில்தான் பிழை.

இந்தக் கமராவைப் பொறுத்தவரை அந்தப் பிழை சிறிதன்று. பரவலாகப் பயன்படும் அக்ஸன் நிறுவனத்தின் கமராக்களில், கருவி இயங்கிக்கொண்டு மட்டும் இருந்தால் பச்சை விளக்கு சிமிட்டும். அப்போது எடுக்கப்படும் படம் நிலைப்பதில்லை, பழையதன்மேல் புதியது பதிந்து பழையது தொடர்ந்து அழிந்துகொண்டே இருக்கும். உத்தியோகத்தர் பொத்தானை இருமுறை அழுத்தினால் சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கும். அதன் பின்னரே படமும் ஒலியும் நிலைத்துச் சேமிக்கப்படும். அழுத்துவதற்கு முந்திய 30 விநாடிகள், வழக்கமான அமைப்பில், ஒலியில்லாமல் உடன் சேர்ந்துகொள்ளும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 2017இல் வெளியான ஒரு காட்சி இந்த 30 விநாடிகளின் கனத்தைக் காட்டியது. உத்தியோகத்தர் ஒருவர் ஒரு தகரக் குவளையில் போதைப்பொருளை வைக்கிறார், தெருவுக்குத் திரும்பி வந்து பொத்தானை அழுத்துகிறார், பின்னர் போய் அதைக் 'கண்டெடுக்கிறார்'. வைத்தது ஒலியின்றிப் பதிந்திருந்தது. அவர் அதை அறிந்திருக்கவில்லை போலும். அடுத்த ஆண்டு நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. இந்தச் சம்பவத்தை 'செயற்படுத்தல்' என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிப் பாருங்கள். கமரா செயற்படுத்தப்பட்டிருந்ததா, இல்லையா? இரண்டு விடையும் சரி, இரண்டும் பிழை. கமராக்கள் எப்போது பதிய வேண்டும் என்ற விவாதமே இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. எப்போதும் பதிந்தால் வன்முறைக்கு ஆளாகி அழுதபடி முறையிட வரும் பெண்ணும் பதியப்படுவாள். உத்தியோகத்தரின் விருப்பத்துக்கு விட்டால் வேண்டிய நேரத்தில் பொத்தான் அழுத்தப்படாது.

மாற்றாக வெறும் 'பதிவு செய்தல்' போதுமே என்பார்கள். பதிதல் என்றால் சுவடு படுதல், பதித்தல் என்றால் கல்லைப் பொன்னில் இருத்துதல். சொல்லின் வேர் அழகானது, எனக்கும் பிடித்தது. ஆனால் பொலிஸ் நிலையத்தில் 'பதிவு' என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது முறைப்பாட்டுப் புத்தகம். "முறைப்பாட்டாளரின் வாக்குமூலம் பதிவு செய்யப்பட்டது" என்றால் பேனாவாலா, கமராவாலா? ஆகவே 'ஒளிப்பதிவு' என்றே எழுத வேண்டும் என்பேன். கல்யாண வீட்டிலே நாம் நாள்தோறும் சொல்லும் சொல் அது. ஒலியற்ற அந்த 30 விநாடிகளுக்கோ எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது.

அந்த 30 விநாடிகளுக்குக் கையேடு வைத்த பெயர் 'நிகழ்வுக்கு முந்திய தாங்கல்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'பஃபர்' (buffer) என்ற ஒரே சொல் என்பதால், உயர்தர இரசாயனவியலில் கற்ற தாங்கற் கரைசல் எப்படியோ பொலிஸாரின் சட்டைப்பைவரை ஒழுகிவிட்டது. அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து, அது எந்தத் துறைக்குரியது என்று பாராமல் ஒட்டுவது இப்போது எங்கும் காணும் நோய். 'முன் 30 விநாடி' என்று எழுதினால் யாருக்குத்தான் விளங்காது? 'உடல் கமரா' என்பதும் அதே வகைதான். எனக்கு அது வயிற்றுக்குள் விடும் குழாயையே நினைவூட்டுகிறது. ஊறுகாய் போல 'அணிகமரா' என்று வினைத்தொகையாக்கலாம். ஆனால் இதற்காக நான் சண்டைக்கு நிற்கமாட்டேன்.

நான்காம் பக்கத்தில் 'இயக்கி வைத்திருத்தல்' என்றும் ஒன்பதாம் பக்கத்தில் 'ஒளிப்பதிவைத் தொடங்குதல்' என்றும் சிவப்பு மையால் திருத்தி அனுப்பினேன். இரண்டு கிழமை கழித்து அச்சுப் பிரதி வந்தது. நான்காம் பக்கம் நான் எழுதியபடியே இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் 'ஒளிப்பதிவைச் செயற்படுத்தல்' என்று இருந்தது.