சரிவில் நிறுத்திய பைக் ஏன் சாய்கிறது?

சைடு ஸ்டாண்டு போட்டவுடன் பைக் ஒரு முக்காலி ஆகிவிடுகிறது. முன் டயர், பின் டயர், ஸ்டாண்டின் நுனி என்று மூன்றே இடங்களில்தான் அது தரையைத் தொடுகிறது. அந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் நீளமான, ஒல்லியான ஒரு முக்கோணம் வரும். வண்டியின் ஈர்ப்பு மையத்திலிருந்து, அதாவது அதன் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளியிலிருந்து, நூலில் கட்டிய தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். குண்டின் முனை முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். எந்தக் கோட்டைத் தாண்டுகிறதோ அந்தப் பக்கம் விழும்.

சரிவான தரையிலும் முக்கோணம் அதேதான். குண்டு விழும் இடம் மட்டும் நகர்கிறது. எவ்வளவு நகர்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

பெரும்பாலான பைக்குகளில் சைடு ஸ்டாண்டு இடப்பக்கம் இருக்கிறது. சமதளத்தில் வண்டி இடப்பக்கமாக ஏறக்குறைய 10 முதல் 15 டிகிரி சாய்ந்து நிற்கும். நடுவாக 12 டிகிரி என்று எடுத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையம் 55 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அப்போது குண்டின் முனை, இரண்டு டயர்களையும் இணைக்கும் கோட்டிலிருந்து சுமார் 11 செ.மீ. இடப்பக்கம் தள்ளி விழும். வண்டி வலப்பக்கம் கவிழாமல் இருக்க நம் கையிலிருக்கும் இருப்பு இந்த 11 செ.மீ. மட்டுமே.

இனி, ஸ்டாண்டு இருக்கும் பக்கம் தரை 5 டிகிரி மேடாக இருக்கட்டும். 12-இல் 5 போக மிச்சம் 7 டிகிரி சாய்வு. இருப்பு 7 செ.மீ.க்கும் கீழே இறங்கிவிடும். மேடு 10 டிகிரி என்றால் மிஞ்சுவது 2 செ.மீ. பார்க்க வண்டி அழகாக, நிமிர்ந்து நிற்கும். அந்த நிமிர்வுதான் ஆபத்து. பக்கத்தில் நடந்துபோகிறவரின் பை உரசினாலோ, ஒரு லாரி கடந்துபோகும் காற்று அடித்தாலோ வலப்பக்கம் போய்விடும். அந்தப் பக்கம் தாங்குவதற்கு எதுவும் கிடையாது.

ஸ்டாண்டுப் பக்கம் பள்ளமாக இருந்தால் கதை வேறு. 10 டிகிரி பள்ளத்தில் வண்டி 22 டிகிரி சாய்ந்துவிடும், குண்டு 20 செ.மீ.க்கு மேல் தள்ளிப் போகும். ஸ்டாண்டு மீது விழும் பாரமும், வண்டியை நிமிர்த்த நாம் கொடுக்கவேண்டிய விசையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். ஸ்டாண்டின் நுனி இன்னும் தூரத்தில்தானே இருக்கிறது என்று இங்கே தெம்பாக இருந்துவிட முடியாது. இடப்பக்கம் சாயும் வண்டி ஸ்டாண்டுக்கு நேராகச் சாய்வதில்லை. ஸ்டாண்டையும் ஏதாவது ஒரு டயரையும் இணைக்கும் சாய்கோட்டின் மேல்தான் புரளும். முக்கோணம் டயர்களை நோக்கிக் குறுகிக்கொண்டே போவதால் அந்தக் கோடு நாம் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கும்.

இரண்டில் எது தேவலை? லேசான சரிவு என்றால் ஸ்டாண்டுப் பக்கம் பள்ளமாக இருப்பதுதான் என்பேன். சாலைகள் மழைநீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்தும் ஓரத்தில் தாழ்ந்தும், பொதுவாக 2 சதவீதத்தை ஒட்டிய சரிவோடு போடப்படுகின்றன. ஓரம் இடக்கைப் பக்கம் வரும்படி நிறுத்தினால் அந்தச் சரிவு வண்டிக்கு உதவும். அதே இடத்தில் எதிர்த்திசை பார்த்து நிறுத்தினால் இருப்பிலிருந்து ஒரு செ.மீ.யை எடுத்துக்கொள்ளும். சரிவு அதிகம் என்றால் இரண்டுமே வேண்டாம், வண்டியை ஏற்றம் பார்த்துத் திருப்பிவிடுவதே நல்லது.

ஏற்றம் பார்த்து என்று சொல்வதற்குக் காரணம் ஸ்டாண்டின் கீல். சைடு ஸ்டாண்டு ஒரு மடக்குக் கால். போடும்போது முன்னோக்கி வந்து ஒரு தடுப்பில் முட்டி நிற்கும், எடுக்கும்போது பின்னோக்கி மடங்கும். அதன் ஸ்பிரிங் ஸ்டாண்டை அந்தந்த நிலையில் இழுத்துப் பிடிப்பதற்குத்தான், வண்டியின் எடையைத் தாங்குவதற்கு அல்ல. வண்டி கொஞ்சம் முன்னால் உருண்டால், தரையில் பதிந்திருக்கும் நுனி இருந்த இடத்திலேயே இருக்க, கீல் முன்னே போகும். அதாவது ஸ்டாண்டு மடங்கத் தொடங்கும். பின்னால் உருண்டால் நேர்மாறு, ஸ்டாண்டு தடுப்போடு இன்னும் இறுக்கமாக முட்டும். முகம் இறக்கத்தில் இருக்கும் வண்டி உருளப் பார்ப்பது முன்பக்கம், ஏற்றத்தில் இருக்கும் வண்டி உருளப் பார்ப்பது பின்பக்கம். சரிவில் கவிழ்ந்து கிடக்கும் பல வண்டிகள் முதலில் உருண்டு, ஸ்டாண்டு மடங்கி, அப்புறம் விழுந்தவை.

உருளுவதற்குப் பெரிய சரிவு தேவையில்லை. 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் சரிவில் 150 கிலோ வண்டியைக் கீழே இழுக்கும் விசை சுமார் 15 கிலோ எடைக்குச் சமம். டயரின் உருளல் தடை அதிகம் போனால் 3 கிலோ அளவுக்குத்தான் எதிர்க்கும். ஆகவே கண்ணுக்குச் சமதளம் போலத் தெரியும் இடத்தில்கூட நியூட்ரலில் விட்ட வண்டி நகரலாம்.

கியரில் விடுவது இதற்காகத்தான், அதிலும் முதல் கியரில். பின் சக்கரம் செயின் வழியாகவும் கியர் வழியாகவும் எஞ்சினோடு இணைந்திருக்கிறது. சக்கரம் சுற்றவேண்டும் என்றால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இருக்கும் காற்றை அழுத்தியாக வேண்டும். சிறிய பைக்குகளில் முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் 20 சுற்றுக்கும் மேல் சுற்றவேண்டியிருக்கும். எஞ்சினுக்குள் இருக்கும் சின்னத் தடை சக்கரத்துக்கு வரும்போது அத்தனை மடங்கு பெரிதாகிவிடுகிறது. மேல் கியர்களில் இந்தப் பெருக்கம் குறைவு.

ஆனால் இதைப் பூட்டு என்று நினைத்துவிடக் கூடாது. அழுத்தப்பட்ட காற்று பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே மெல்லக் கசியும். செங்குத்தான சரிவில் வண்டி சற்று நகரும், நிற்கும், சிறிது நேரம் கழித்து இன்னும் கொஞ்சம் நகரும். ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் காற்றை அழுத்தும் கட்டம் எஞ்சினின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வருகிறது. அதனால் கியரைப் போட்டு, எஞ்சினை அணைத்து, கிளட்சை விட்ட பிறகு வண்டியைச் சரிவின் போக்கிலேயே மெதுவாக உருள விடுங்கள். செயினின் தொய்வு தீர்ந்து, எஞ்சின் பிடித்து நிற்கும் இடத்தில் சைடு ஸ்டாண்டைப் போடுங்கள். இந்தச் சில செ.மீ. நகர்வை நீங்கள் கையில் பிடித்திருக்கும்போதே முடித்துவிட்டால், நீங்கள் போன பிறகு வண்டி அதைச் செய்யாது. பின் டயர் நடைபாதை விளிம்பில் முட்டி நின்றால் இன்னும் நிம்மதி.

ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுதாகத் திருப்பி வைக்கச் சொல்வதிலும் ஒரு வடிவக் கணக்கு ஒளிந்திருக்கிறது. முன் சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அந்த அச்சைக் கீழே நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சுமார் 10 செ.மீ. முன்னால் போய் முட்டும். டயர் தொடும் இடம் அச்சுக்குப் பின்னால் இருப்பதால் ஹேண்டில்பார் இடப்பக்கம் திரும்பும்போது அந்த இடம் வலப்பக்கம் நகரும். 35 டிகிரி திருப்பினால் 5 செ.மீ.க்கு மேல். முக்கோணத்தின் வலக்கோடு அதனால் வெளியே தள்ளிப் போகிறது. ஈர்ப்பு மையம் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இருப்பதால் அதற்குப் பாதியளவு, அதாவது இரண்டரை செ.மீ.க்கு மேல் கூடுதல் இருப்பு கிடைக்கும். வலப்பக்கம் திருப்பினால் அதே அளவு குறையும். 5 டிகிரி மேட்டில் மிச்சமிருப்பதே 7 செ.மீ.க்குக் கீழே என்பதை நினைத்தால் இது சின்னத் தொகை இல்லை.

சுமை ஏற்றிய வண்டியில் இன்னொரு விஷயம். பின்னால் மூட்டை கட்டினால் சஸ்பென்ஷன் அமுங்கி வண்டி தாழும், ஸ்டாண்டின் நீளமோ மாறாது. விளைவு, வண்டி வழக்கத்தைவிட நிமிர்ந்து நிற்கும். எடை கூடினால் நன்றாக ஊன்றி நிற்கும் என்று தோன்றுவது இயல்பு, நடப்பது அதற்கு எதிர். சுமை உயரத்தில் இருந்தால் ஈர்ப்பு மையமும் மேலேறி, கவிழ்வது இன்னும் சுலபமாகும். இருக்கையை இடப்பக்கத்திலிருந்து இரண்டு விரலால் தள்ளிப் பாருங்கள். அதற்கே ஸ்டாண்டு தரையை விட்டுக் கிளம்பினால் இடத்தை மாற்றுங்கள்.

மண்ணும் வெயிலில் இளகிய தாரும் எதிர்ப்பக்கம் ஏமாற்றும். ஸ்டாண்டின் நுனியில் 10 சதுர செ.மீ. பரப்பில் 40 கிலோ இறங்கினால் சதுர செ.மீ.க்கு 4 கிலோ அழுத்தம். டயர் தரையில் கொடுப்பது அதில் பாதிதான். டயர் பதியாத தரையில்கூட ஸ்டாண்டு புதையும், புதையப் புதையச் சாய்வு கூடும், சாய்வு கூடக் கூட நுனியில் பாரம் ஏறும். ஒரு தட்டைக் கல்லோ பலகைத் துண்டோ அடியில் வைத்தால் தீர்ந்தது.

சென்டர் ஸ்டாண்டு பக்கச் சரிவுக்குப் பரவாயில்லை. அதன் இரண்டு கால்களுக்கும் இடையே 30 செ.மீ. இருந்தால் இருபுறமும் 15 செ.மீ. இருப்பு, 5 டிகிரி சரிவிலும் 10 செ.மீ. மிஞ்சும். ஆனால் பின் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது கியரால் ஒரு பயனும் இல்லை. முன்னால் உருண்டால் மடங்குவது இந்த ஸ்டாண்டுக்கும் உள்ள குணம், எனவே இறக்கம் பார்த்து நிறுத்தும்போது இதைத் தவிர்க்கவேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் எஞ்சின் நின்றதும் கிளட்ச் தானாக விலகி, சக்கரம் விடுபட்டுவிடும். பார்க்கிங் பிரேக் இருந்தால் அதைப் போடலாம். இல்லையென்றால் முன் பிரேக் பிடியை அழுத்தி ஒரு ரப்பர் பட்டையால் கைப்பிடியோடு இறுக்கிக் கட்டினாலும் முன் சக்கரம் நகராது. கிளம்பும்போது பட்டையை அவிழ்ப்பதற்கு முன் வண்டியைக் கையில் நன்றாகப் பிடித்துக்கொள்ளவேண்டும், ஏனென்றால் அவிழ்த்த நொடியே அது உருளத் தயாராக இருக்கும்.